முகூர்த்தம் இல்லாத மாதத்தில் என்ன செய்வது? கேக் அடுப்பும் சென்னை உலாவும்

கல்யாண சீசனை நம்பிப் பிழைப்பவர்களுக்கு வருடத்தில் மூன்று மாதம் கை வறண்டு போகும்: ஆடி, புரட்டாசி, மார்கழி. மேடை அலங்காரம், பந்தி பரிமாறுவது, போட்டோ, மேளம், வாடகைப் பாத்திரம் என எந்த வேலையில் இருந்தாலும் அந்த மாதங்களில் ஃபோன் அடிக்காது. தீபாவளிக்காக தி.நகர் ஜவுளிக் கடைகளில் தற்காலிகமாகச் சேர்பவர்கள், ஜூலை கடைசி வரை வருமான வரிக் கணக்கு போடும் ஆபீஸ்களில் உதவிக்குப் போகிறவர்கள், ஜனவரி புத்தகக் காட்சியில் ஸ்டால் பார்த்துக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் இதே நிலைமைதான், மாதம் மட்டும் மாறும். புதிதாக இந்தச் சுழற்சிக்குள் வந்தவர்கள் முதல் வாரம் தூங்குவார்கள், அடுத்த வாரம் ரீல்ஸ் பார்ப்பார்கள், மூன்றாவது வாரம் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுவார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்கு: வீட்டில் கேக் சுடவும், வாரநாளில் சென்னையைச் சுற்றவும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளக்காரர்களிடம் இல்லாத ஒன்று உங்களிடம் இருக்கிறது: வாரநாள். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு இந்த ஊர் உங்களுக்குக் காலியாகக் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மெரினாவில் போய் இடிபடுவதற்கு உங்களுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு வசதியை வைத்துத்தான்.

முதல் வேலை: காலண்டரும் கணக்கும்

தினசரி காலண்டரை எடுத்து அடுத்த முகூர்த்தம் எப்போது என்று பாருங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எத்தனை வாரம் கையில் இருக்கிறது என்று தெரியும். வாடகை, மளிகை, ரீசார்ஜ், பள்ளிக் கட்டணம் இவற்றை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை வாரங்களால் வகுங்கள். அதில் பொழுதுபோக்குக்கு என்று ஒரு சிறு தொகை. இருநூறு ரூபாயாக இருந்தாலும் பரவாயில்லை, ஆனால் அது எழுதப்பட்ட இருநூறாக இருக்கட்டும்.

வாரத்தை இப்படிப் பிரித்தால் தாங்கும்: இரண்டு நாள் அடுப்பு, இரண்டு நாள் உலா, ஒரு நாள் கான்ட்ராக்டர்களைப் போய்ப் பார்ப்பது. அந்தக் கடைசி நாளை விட்டுவிடாதீர்கள். சீசனில் "அடுத்த வாரம் தர்றேன்" என்று தள்ளிப்போட்ட பாக்கி, சும்மா இருக்கும் மாதத்தில் நேரில் போய் நின்றால்தான் வரும். போகும்போது கையில் ஒரு டப்பா பிஸ்கட் இருந்தால் பேச்சு இன்னும் கொஞ்சம் சுமுகமாக இருக்கும். இது தந்திரம் என்றால் தந்திரம்தான்.

அடுப்பு: வாங்குவதற்கு முன் குக்கரில் செய்து பாருங்கள்

ஓ.டி.ஜி. எனும் சிறு மின்சார ஓவனை வாங்கி பரணில் போட்ட வீடுகள் இந்த ஊரில் ஏராளம். முதல் இரண்டு வாரம் பிரஷர் குக்கரே போதும். ஐந்து லிட்டர் குக்கர், ஆறு அங்குல கேக் டின், ஒரு ஸ்டாண்டு, இரண்டு கப் கல் உப்பு. மூடியிலிருந்து கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட வேண்டும், தண்ணீர் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. இந்த இரண்டையும் சுவரில் எழுதி ஒட்டினாலும் தப்பில்லை. உப்பைப் பரப்பி, ஸ்டாண்டை வைத்து, மூடி போட்டு, மிதமான தீயில் பத்து நிமிடம் சூடாக்கினால் அடுப்பு தயார். அந்த உப்பை அடுத்தடுத்த முறைக்கும் அப்படியே பயன்படுத்தலாம், சமையலுக்கு ஆகாது. வெறும் குக்கரைச் சூடாக்கினால் அடி கறுக்கும். அதனால் அம்மாவின் புதுக் குக்கரைத் தொடாதீர்கள்.

பிடித்துப்போய்விட்டால் ஓ.டி.ஜி.க்குப் போகலாம். ஊர் மாறிப் போகிறவர்கள் பாதி விலைக்கு விற்பதுண்டு. வாங்கும்போது மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் சிவக்கிறதா, குறிப்பிட்ட சூட்டை எட்டியதும் தானாக அணைந்து மறுபடி எரிகிறதா என்று பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டே பணத்தை எடுங்கள். இருபத்தைந்து லிட்டர் அடுப்பு 1500 வாட் அளவுக்கு இழுக்கும், 16 ஆம்பியர் பிளக் வேண்டும். ஒரு மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் ஒன்றரை யூனிட். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் மின் கட்டண வீதமே மாறிவிடும் என்பதால், ஏசி ஓடும் மாதத்தில் மீட்டரில் ஒரு கண் இருக்கட்டும். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தனியாக வாங்கும் வாடகை வீடாக இருந்தால் குக்கரே லாபம்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கிறீர்களா? அங்கே மின்சார அடுப்புக்கு அனுமதி கேட்டு மேனேஜரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். சமையலறை உள்ள நண்பனைப் பிடியுங்கள், இல்லையென்றால் நேராக உலாப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

முதல் கேக்: வாழைப்பழம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வெண்ணெய் கேக்கில் ஆரம்பிக்கக் கூடாது என்பது என் கட்சி. வெண்ணெயையும் சர்க்கரையையும் அடித்து நுரைக்கவைப்பதற்கு வெண்ணெய் 20 டிகிரி பக்கம் இருக்க வேண்டும். சென்னையில் மே மாதம் சமையலறை எத்தனை டிகிரி என்று சொல்லத் தேவையில்லை. 1842இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க மெரினா எதிரே ஐஸ் ஹவுஸ் கட்டிய ஊர் இது. ஆகவே எண்ணெய் கேக்.

மைதா ஒரு கப் (125 கிராம்), சர்க்கரை அரை கப், எண்ணெய் மூன்றில் ஒரு கப், கெட்டித் தயிர் கால் கப், சமையல் சோடா அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை, ஏலக்காய்ப் பொடி கொஞ்சம். பழம் தோல் கறுத்துக் கனிந்திருக்க வேண்டும். மோரிஸ் என்றால் பெரிதாக இரண்டு, பூவன் என்றால் நான்கு. தள்ளுவண்டிக்காரர் மாலையில் குறைத்துக் கொடுக்கும் பழம்தான் இதற்குச் சரியானது. வாசனை இல்லாத கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் போதும். செக்கு நல்லெண்ணெய் வேண்டாம், கேக்கில் இட்லிப்பொடி வாசம் வரும்.

முதலில் குக்கரைச் சூடேற்ற வைத்துவிட்டு அப்புறம் கலக்கத் தொடங்குங்கள். பழத்தை முட்கரண்டியால் மசித்து, சர்க்கரை, எண்ணெய், தயிர் சேர்த்து நன்றாகக் கலக்கலாம். இந்தக் கட்டம் வரை எவ்வளவு அடித்தாலும் கெடுதல் இல்லை. மைதா, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்துச் சலித்து இதில் கொட்டியபின்தான் கையைக் கட்டுப்படுத்த வேண்டும். மாவு மறையும்வரை கரண்டியால் புரட்டிப் புரட்டிக் கலந்து நிறுத்திவிடுங்கள். இட்லி மாவு மாதிரி வழுவழுவென்று வரட்டும் என்று மேலும் அடித்தால் மைதாவின் பசை இறுகி, கேக் ரப்பராகும். சிறு கட்டிகள் இருக்கலாம், வெந்துவிடும்.

எண்ணெய் தடவி மாவு தூவிய டின்னில் முக்கால் பாகத்துக்கு மேல் ஊற்றாமல் உடனே அடுப்பில் வையுங்கள். தயிரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்த நொடியிலிருந்து காற்றுக் குமிழிகள் கிளம்பிவிடும். ஃபோன் பேசிவிட்டு வந்து வைத்தால் அந்தக் காற்றெல்லாம் போயிருக்கும். குக்கரில் சிறு தீயில் 45 முதல் 50 நிமிடம். ஓ.டி.ஜி. என்றால் முன்சூடு செய்து 180 டிகிரியில் ஏறக்குறைய 40 நிமிடம். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்காதீர்கள். பிறகு கழுவித் துடைத்த ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுங்கள். ஈர மாவு ஒட்டாமல் ஒன்றிரண்டு பொருக்கு மட்டும் ஒட்டினால் வெந்துவிட்டது. சூட்டோடு கவிழ்த்தால் உடையும், பத்து நிமிடம் ஆறவிடுங்கள். மறுநாள் இதன் ருசி இன்னும் கூடும், அதுவரை மிஞ்சினால்.

நமுத்துப்போகும் ஊரில் பிஸ்கட்

அடுத்த கட்டம் நெய் பிஸ்கட். மைதா ஒரு கப், பொடித்த சர்க்கரை அரை கப், நெய் 90 கிராம், உப்பு ஒரு சிட்டிகை. நெய் உறைந்து மணல்மணலாக இருக்க வேண்டும். உருகி ஓடினால் பத்துப் பதினைந்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். நெய்யையும் சர்க்கரையையும் வெளுக்கும்வரை குழைத்து, மைதா சேர்த்துப் பிசறி, எலுமிச்சை அளவு உருட்டி லேசாகத் தட்டி, 160 டிகிரியில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். எடுக்கும்போது தொட்டால் அமுங்கும். வேகவில்லை என்று நினைத்துத் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள், ஆறினால் தானாக மொறுமொறுப்பாகும்.

ஆறியதும் அந்த நிமிடமே டப்பாவில் போட்டு இறுக்கி மூட வேண்டும். மேசையில் தட்டோடு விட்டால் கடற்கரை ஈரக்காற்று சாயங்காலத்துக்குள் நமுக்கவைத்துவிடும். நமுத்தவற்றை 150 டிகிரியில் ஐந்து நிமிடம் மறுபடி சூடாக்கினால் சரியாகும். இதே ஈரம் பேக்கிங் பவுடரையும் கெடுக்கும். கொதிக்கும் நீரில் கால் டீஸ்பூன் போட்டுப் பாருங்கள், பொங்கினால் நல்லது, சும்மா கரைந்தால் குப்பைக்கு.

வெயில் கெடுதல் மட்டும் செய்வதில்லை. பன்னுக்கு இந்த ஊர் சொர்க்கம். குளிர் ஊர்க்காரர்கள் மாவு பொங்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் காத்திருப்பார்கள், இங்கே முக்கால் மணி நேரத்திலேயே இரண்டு மடங்காகிவிடும். மைதா 250 கிராம், பால் 150 மில்லி, சர்க்கரை 30 கிராம், வெண்ணெய் 30 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், உப்பு முக்கால் டீஸ்பூன். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, பொங்கவிட்டு, உருட்டி, மறுபடி அரை மணி நேரம் பொங்கவிட்டு, 190 டிகிரியில் இருபது நிமிடம். கோடையில் பாலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றலாம், இல்லையென்றால் மாவு அவசரப்பட்டுப் புளித்துவிடும். மீந்த பன்னை நறுக்கி 150 டிகிரியில் இருபக்கமும் காயவைத்தால் ரஸ்க். டீக்கடையில் வாங்கும் ரஸ்க்குக்கு இது கொஞ்சமும் குறைந்ததல்ல.

எதைச் செய்தாலும் காலை ஐந்தரையிலிருந்து எட்டுக்குள் முடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் ஓ.டி.ஜி. பக்கத்தில் நிற்பது தண்டனை. பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிவாக்கில் கரண்ட் நிறுத்தும் நாளிலும் இந்த நேரம்தான் காப்பாற்றும்.

உலா: எந்தக் கிழமை எங்கே

சென்னையில் வாரநாள் உலாவுக்கு முதல் பாடம், எது என்றைக்கு மூடியிருக்கும் என்பது. எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, ஈ.சி.ஆர். முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா மூன்றும் செவ்வாய்க்கிழமை. மெரினா கலங்கரை விளக்கமும் ஐ.சி.எஃப். பக்கத்து ரயில் அருங்காட்சியகமும் திங்கட்கிழமை. புதன், வியாழன் இரண்டும் பாதுகாப்பான நாள்கள். கோயில்கள் பெரும்பாலும் நண்பகலிலிருந்து நாலு மணி வரை நடை சாத்தியிருக்கும்.

அடுத்தது நேரம். வெயில் ஏறும் மதியத்தில் கூரைக்குக் கீழே இருங்கள், கடற்காற்று வீசத் தொடங்கியபின் வெளியே வாருங்கள். கடற்காற்று பெரும்பாலும் மதியம் ஒன்று, இரண்டு மணிக்கு வரும். வரத் தாமதமாகும் நாளில்தான் ஊர் கொதிக்கும்.

எழும்பூரில் தொடங்கலாம். 1851இல் தொடங்கிய அருங்காட்சியகம் பல கட்டடங்களாகப் பரந்து கிடக்கிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைப்பவர்கள் திமிங்கல எலும்புக்கூட்டையும் கால் வலியையும் மட்டும்தான் நினைவில் வைத்திருப்பார்கள். ஒரு முறைக்கு ஒரு கூடம். முதல் முறை வெண்கலக் கூடம். அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். இடப்பக்கம் இடை ஒடிந்து சாய்கிறது, வலப்பக்கம் காளையின் மேல் கையை ஊன்றிக்கொள்ளும் பாவனை. பாதிக்குப் பாதி ஒட்டிய உருவம் என்று தோன்றாமல் ஒரே உடம்பாக நிற்கிறது. மேடை அலங்காரத்தில் இருப்பவர்கள் இதைப் பார்த்தாலே இரண்டு சீசனுக்குக் கற்றுக்கொள்ளலாம். அமராவதிச் சிற்பங்கள் அடுத்த வாரத்துக்கு. அதே வளாகத்தில் 1896இல் திறந்த கன்னிமாரா நூலகம் இருக்கிறது. மதிய வெயிலுக்கு அதுதான் நிழல். கோட்டூர்புரம் பக்கம் வீடு என்றால் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளால் நிரம்பியிருக்கும் என்பதால் சீக்கிரம் போங்கள்.

இரண்டாவது உலா பாரிமுனை, இதில் வேலையும் சேர்ந்துகொள்ளும். ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்தால் ஆண்டர்சன் தெரு. கல்யாணப் பத்திரிகைக்குப் பேர்போன இந்தக் காகிதத் தெருவில் பட்டர் பேப்பரையும் அட்டையையும் மொத்தமாக வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை இங்கே ஷட்டர்களைத்தான் பார்க்க முடியும், உங்களுக்கோ வாரநாள் இருக்கிறது. வாங்கிய கையோடு அரண்மனைக்காரன் தெருவில் 1772இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயத்துக்குள் போய் உட்காருங்கள். மதியத்துக்குமேல் மூடிவிடுவார்கள், அதனால் காலையிலேயே. வெளியே பூக்கடை இரைச்சல், உள்ளே கல்லறைக் கற்களும் செம்பருத்தியும். சாயங்காலம் வரை இருக்க முடிந்தால் பர்மா பஜார் பின்புறம், செகண்ட் லைன் பீச் சாலையில் பர்மிய நூடுல்ஸான அத்தோ. வாழைத்தண்டு சூப்பை இரண்டாம் முறை கேட்டாலும் ஊற்றுவார்கள்.

செலவு பயப்படும்படி இருக்காது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 முதல் பயணம் இலவசம். அடிக்கடி சுற்றுகிறவர்களுக்கு மாநகரப் பேருந்தின் 1000 ரூபாய் மாத பாஸ் இருக்கிறது, ஆனால் இடைவெளி மாதத்தில் அதை எடுப்பதற்கு முன் உண்மையாகவே அவ்வளவு போவீர்களா என்று கணக்குப் போடுங்கள். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலைவிட மலிவான பயணம் ஊரில் இல்லை. பத்தரை மணிக்குமேல் ஏறினால் ஜன்னல் சீட்டும் கிடைக்கும்.

மூன்று மாதம், மூன்று விதம்

ஆடியில் பன்னும் ரஸ்க்கும் செய்யுங்கள், உலாவுக்கு அம்மன் கோயில்கள். மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன், திருவேற்காடு, மாங்காடு. வெள்ளியும் ஞாயிறும் கூட்டம் தாங்காது, புதன்கிழமை போனால் நின்று பார்க்கலாம். தள்ளுபடி நடக்கும் தி.நகர் பக்கம் கையில் காசில்லாத மாதத்தில் தலைவைக்காமல் இருப்பது நல்லது.

புரட்டாசியில் அக்கம்பக்கம் பாதிப் பேர் கவிச்சியை விட்டிருப்பார்கள், ஆகவே முட்டையில்லாத வாழைப்பழ கேக்குக்கு அந்த மாதம் கிராக்கி. இடி மழையில் கரண்ட் போனால் ஓ.டி.ஜி. கதவைத் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் சூடே பத்து நிமிடம் தாக்குப்பிடிக்கும். நவராத்திரிக்கு முன் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் வரும். வாங்காமல் பார்க்க மட்டும் போனாலும் ஒரு சாயங்காலம் ஓடிவிடும்.

மார்கழிதான் இருப்பதிலேயே உத்தமம். காலையில் சமையலறை குளிர்ந்திருக்கும், வெண்ணெய் கேக்கை அப்போது முயலுங்கள். சபாக்களில் காலை, மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. மாலைக் கச்சேரிக்குப் பணம் கொடுத்து வருகிறவர்கள் கேட்கப்போகும் வித்துவான்களின் சீடர்களை நீங்கள் முன் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். கேண்டீன் விலை மட்டும் கொஞ்சம் யோசிக்கவைக்கும், அதற்குத்தான் பையில் பன். 2022இல் ராம்சர் தளமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் வலசைப் பறவைகள் அந்தச் சமயத்தில் நிறைந்திருக்கும். ஏழு மணிக்குள் போய்விட வேண்டும், இரவல் பைனாகுலர் கிடைத்தால் இன்னும் நல்லது. தைக்குப் பிறகும் வேலை சூடுபிடிக்காதவர்களுக்கு ஒரு இரவு உலா: 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் ஆமை நடை. பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் மாதங்களில், வார இறுதி இரவுகளில் நீலாங்கரைக் கடற்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை அவர்களோடு நடக்கலாம்.

விற்கலாமா என்று கேட்பார்கள்

உங்கள் கேக்கைச் சாப்பிட்ட மூன்றாவது ஆள் கண்டிப்பாகச் சொல்வார்: "இதை விக்கலாமே!" முதல் இடைவெளியில் வேண்டாம். வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு தேவை. அதைவிடப் பெரிய சிக்கல், ஆர்டர் சூடுபிடிக்கும் நேரத்தில் முகூர்த்தம் தொடங்கிவிடும், அப்போது இரண்டில் ஒன்றில் பெயர் கெடும். ஒரு வருடத்து மூன்று இடைவெளிகளிலும் செய்து கை பழகியபின் கிறிஸ்துமஸ் ஆர்டர் மட்டும் எடுத்துப் பாருங்கள், அது மார்கழியில்தான் வருகிறது.

கான்ட்ராக்டர் ஃபோன் வந்ததும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடக் கூடாது. மீந்த மைதாவை இறுக்கமான டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், வெளியே வைத்தால் வண்டு வரும். ஈஸ்ட் ஃப்ரீசரில். ஓ.டி.ஜி.யின் அடித்தட்டைக் கழற்றிப் பொருக்கைத் தட்டிவிடுங்கள், இல்லையென்றால் எறும்பும் கரப்பானும் குடிவந்துவிடும். குக்கருக்குக் கேஸ்கட்டையும் வெயிட்டையும் மறக்காமல் திரும்பப் போடுங்கள், மறுநாள் காலை வீட்டில் யாராவது அதில் பருப்பு வைப்பார்கள்.